சயனைடு மேட்டுச் சுவிட்சர்லாந்து

கார்த்திகை தீபம் முடிந்ததும் கோலார் தங்கவயலில் சிலருக்குச் சளி பிடிக்கும், சிலருக்கு மூட்டு பிடிக்கும். ஒருவருக்கு மட்டும் பனி பிடிக்கும். அவரை ராபர்ட்சன்பேட்டையிலும் பார்க்கலாம், ஆண்டர்சன்பேட்டையிலும் பார்க்கலாம், சாம்பியன் ரீஃப் லைன் வீடுகளிலும் பார்க்கலாம். பேட்டைக்கு ஒருவராவது தேறுவார் என்பதால் பெயர் தேவையில்லை. கழுத்தில் கேமரா. தோள்பையில் ஏழெட்டு மப்ளர், கம்பளிக் குல்லாய், ஒரு ஃப்ளாஸ்க். ஃப்ளாஸ்க்கில் காபி இருக்கும் என்று நம்பி யாரும் கை நீட்ட வேண்டாம். அது குளிரைக் காட்டுவதற்கான பிராப்பர்ட்டி, உள்ளே ஒன்றும் கிடையாது.

வாரத்தில் ஆறு நாள் அவருக்கும் சூரியனுக்கும் அறிமுகம் இல்லை. இருட்டோடு மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் ஏதோ ஓர் அலுவலகத்தில் ட்யூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டு, இருட்டோடு திரும்புகிறவர். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு இந்த ஊரில் எத்தனையோ வீட்டு அடுப்பு அந்த ரயிலை நம்பித்தான் எரிகிறது. ரயிலில் சிலர் சீட்டாடுவார்கள், சிலர் நின்றபடியே தூங்குவார்கள். நம்மவர் ஃபோனில் ஆல்ப்ஸ் மலை பார்த்துக்கொண்டு வருவார். தாங்க முடியாமல் பக்கத்து சீட்காரரிடம் நீட்டி, “இந்த லைட்டைப் பாருங்கண்ணா” என்பார். அண்ணன் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, “பொண்ணு யாருப்பா?” என்று கேட்பார். நம்மவர் மனம் நொந்து ஃபோனைப் பைக்குள் போட்டுவிடுவார். ஒயிட்ஃபீல்டு வருவதற்குள் அது மறுபடி வெளியே வந்துவிடும்.

அவருடைய துக்கம் நியாயமானதுதான். ஊர் கடல் மட்டத்துக்கு மேலே 2,700 அடிக்கும் கூடுதலான உயரம். மார்கழி விடியற்காலையில் பதினைந்து டிகிரிக்கு இறங்கும். சுரங்கத்தை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி வெள்ளைக்காரர்கள் அந்தக் குளிரில் சொக்கிப்போய் இதை ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று கொஞ்சினார்கள். பங்களா வந்தது, கிளப் வந்தது, கோல்ஃப் மைதானம் வந்தது, 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம்கூட வந்துவிட்டது. பனி மட்டும் வரவில்லை. கிறிஸ்துமஸுக்குச் சவுக்குக் கிளையில் பஞ்சை ஒட்டித்தான் சமாளிக்க வேண்டியிருந்தது. பங்களா கட்டிக்கொடுத்தவர்கள் விட்டுப்போன அந்தப் பாக்கி வேலையை முடிக்கப் பிறந்தவர் தாம் என்று நம்மவர் நினைக்கிறார். வாய்விட்டுச் சொன்னதில்லை. நடையில் தெரியும்.

பனிக்கு அவர் கண்டுபிடித்த இடம் சயனைடு மேடு. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: தங்கம் கலந்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டி வைத்த மலைகள் இவை. ஒரு நூற்றாண்டுக் கொட்டலில் மூன்று கோடி டன்னுக்கு மேல் சேர்ந்து கிடக்கிறது. செடி முளைக்க யோசிக்கும் மண். மழைநீர் வழிந்து வழிந்து மடிப்பு மடிப்பாக விழுந்திருக்கும். உச்சியில் நின்றால் தலைக்கு மேலே வானம், காலுக்குக் கீழே வெளுப்பு, வேறொன்றும் கண்ணில் படாது. படமெடுக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒரே சிக்கல், அந்த மண் வெள்ளை இல்லை. சாம்பல் கலந்த மங்கல் மஞ்சள். இங்கேதான் நம்மவரின் வித்தை ஆரம்பமாகிறது. கேமராவின் மீட்டருக்கு உலகமே நடுத்தரச் சாம்பல் நிறம் என்றொரு பிடிவாதமான நம்பிக்கை உண்டு. பளீரென்ற வெள்ளையைக் காட்டினாலும் இழுத்துச் சாம்பலாக்கிவிட்டுத்தான் ஓயும். அதனால் நிஜப் பனியில் எடுப்பவர்கள் எக்ஸ்போஷரை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் ஏற்றி வைத்துக்கொள்வார்கள். நம்மவர் இந்தப் பாடத்தைப் படித்தவர். படித்ததற்கு மேலே கொஞ்சம் பக்தியும் சேர்த்து இரண்டரை ஏற்றுவார். பிறகு ஒயிட் பேலன்ஸைக் குண்டு பல்பு படம் போட்ட இடத்துக்குத் தள்ளுவார். தங்கவயல் வெயில் அந்தக் கணமே நீலம் பாரித்துவிடும். மேடு பனியாகிவிடும். கூடவே மாடலின் முகமும் பனியாகிவிடும். மூக்கு இருக்கும் இடத்தை அனுபவத்தால்தான் ஊகிக்க வேண்டும்.

இதற்காக யாரும் அவரைக் கோபித்துக்கொண்டதில்லை என்பதைத்தான் நான் கவனித்தேன். “எம் பொண்ணு எவ்ளோ கலரா வந்துகிறா பாரு” என்று தாய்மார்கள் பூரித்துப்போகிறார்கள். வரன் பார்க்க அனுப்பும் படங்களில் எத்தனை இந்த மேட்டில் எடுத்தவை என்று எண்ணினால் தெரியும், ஊருக்குப் பனி மேல் அவ்வளவு ஆசை ஒன்றும் இல்லை. ஆசையெல்லாம் அந்த இரண்டரை ஸ்டாப் மேல். நம்மவருக்கு இது புரியாது. ஜனங்களுக்குக் கலை ரசனை வளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மாடல் என்றால் பெரிய ஏற்பாடெல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேறு வேலை இல்லாதவர் எல்லாரும் மாடல்தான். அத்தை மகள், எதிர்வீட்டு நர்ஸ், நிச்சயமான ஜோடி, ஜோடிக்குக் காவலாக வந்த மாப்பிள்ளையின் சித்தப்பா. உடுப்பு குளிர்காலத்தில் திபெத்தியர்கள் வந்து விற்கும் ஸ்வெட்டர்கள். சினிமாப் பாட்டில் பனிமலைக்குப் போனால் ஹீரோவுக்குக் கோட்டும் ஹீரோயினுக்கு மெல்லிய சேலையும் கொடுக்கிற அநியாயம் இவரிடம் கிடையாது. ஆணானாலும் பெண்ணானாலும் கழுத்துவரை கம்பளி. காலை ஆறரைக்கு மேடேறும்போது எல்லாருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். பத்து மணிக்கு வெயில் உச்சந்தலையில் இறங்கும்போது உள்பனியன் நனைந்து, பூசின பவுடர் கோடு கோடாக வழியத் தொடங்கும்.

“அண்ணா, வேர்க்குதுண்ணா.”

“வேர்க்கட்டும்மா. நீ நடுங்கு.”

பனி பெய்விக்கும் பொறுப்பு மச்சான் மகனுடையது. முறத்தில் தெர்மோகோல் உருண்டைகளைக் கொட்டிக்கொண்டு காற்று வரும் திசையில் நின்று புடைப்பான். காற்று திரும்பினால் பனி அவன் வாயிலேயே பெய்யும். மாடலின் உதட்டுச் சாயத்தில் நாலைந்து உருண்டை ஒட்டிக்கொள்ளும். வாயிலிருந்து மூச்சு புகையாக வர வேண்டும் என்பது நம்மவரின் நெடுநாள் கனவு. அதற்காகத் தூபக்காலில் சாம்பிராணி போட்டு மாடலின் தோளுக்குப் பின்னால் மறைத்து வைத்துப் பார்த்தார். படத்தில் சுவிட்சர்லாந்தும் வரவில்லை, மூச்சும் வரவில்லை. அம்மன் அருள் வந்து ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி வந்தது. நடுவில் ஆட்டு மந்தை வேறு. ஆடுகள் தெர்மோகோலைத் தின்றுவிடும் என்ற பயத்தில், ஷூட்டிங் முடிந்ததும் ஒவ்வொரு உருண்டையாகக் குனிந்து பொறுக்கிக்கொண்டுதான் இறங்குவார். அந்த ஒரு குணத்துக்காகவே அவரை மன்னிக்கலாம்.

மண்ணைப் பனியென்று விற்பது மோசடி இல்லையா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். தயாராக இருந்தார். 1939-ல் வந்த ‘விசர்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் பனியாகக் கொட்டியது ஆஸ்பெஸ்டாஸ். 1965-ல் வந்த ‘டாக்டர் ஷிவாகோ’வின் ரஷ்யப் பனி பெரும்பாலும் ஸ்பெயின் நாட்டு வெயிலில் சலவைக்கல் தூளைப் பரப்பிச் செய்தது. 1992-ல் வந்த நம் ‘ரோஜா’வின் காஷ்மீரே காஷ்மீரில் எடுத்ததில்லை. “ஆஸ்பெஸ்டாஸுக்குச் சயனைடு எவ்வளவோ மேலுங்க” என்று முடித்தார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

அவருடைய நிரந்தர விரோதிகள் வேறு ரகம். 2018 டிசம்பரில் ‘கே.ஜி.எஃப்’ படம் வந்த நாளிலிருந்து வெளியூர்ப் பையன்கள் தாடியும் சுத்தியலுமாக இந்த மேடுகளுக்கு வந்து, முறைத்துக்கொண்டு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இடத்தை நரகமாகக் காட்டிவிட்டார்களே என்று நம்மவருக்குத் தாங்கவில்லை. இரண்டு கோஷ்டியும் சில ஞாயிறுகளில் ஒரே மேட்டில் சந்திக்கும். ஒரு சரிவில் கறுப்புச் சட்டையில் கொலைவெறி நடக்கும். எதிர்ச்சரிவில் மப்ளர் கட்டிக்கொண்டு குளிர் நடக்கும். ஒருவர் ஃபிரேமில் மற்றவர் விழாமல் இருக்க, “ப்ரோ, ஸ்வல்ப ஆ கடெ” (கொஞ்சம் அந்தப் பக்கம்) என்று கன்னடத்தில் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள்.

போன மார்கழியில் அவருக்கு ஒரு ரஷ்யக் கிழவர் தேவைப்பட்டார். வெள்ளைத் தாடி இருந்ததால் லைனில் குடியிருக்கும் ஒரு தாத்தாவைப் பிடித்துக்கொண்டு வந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். வாடகைக் கோட்டு, ரோமத் தொப்பி, கையில் காலி ஃப்ளாஸ்க்.

“தாத்தா, நல்லா குளிருதுன்னு நெனச்சிக்கினு நில்லுங்க.”

“எந்தக் குளிரு நைனா?”

“ஏதோ ஒரு குளிரு. உங்களுக்குத் தெரிஞ்ச குளிரு.”

தாத்தா யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொல்லத் தொடங்கினார். சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அடியில் பாறையைத் தொட்டால் சுடும். மேலே பெரிய குளிர்சாதன யந்திரம் வைத்துக் குளிர்காற்றைக் கீழே தள்ளிக்கொண்டே இருந்தார்கள். அது பாதி வழியில் களைத்துப்போகும். கோவணம் கட்டிக்கொண்டு வேலை செய்தாலும் உடம்பெல்லாம் ஆறாக ஓடும். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து கேஜில் ஏற்றி மேலே விடுவான். டிசம்பர் மாசம், விடியற்காலை, நனைந்த உடம்பு. கேஜ் கதவைத் திறந்ததும் காற்று வந்து நெஞ்சில் அடிக்கும். “அப்போ பல்லு அடிச்சிக்கும் பாரு,” என்றார் தாத்தா. சொல்லும்போதே தோள் ஒடுங்கியது, தாடை கிடுகிடுவென்று ஆடியது, ஃப்ளாஸ்க்கை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டார். தங்கவயலில் நான் பார்த்த ஒரே அசல் குளிர்காலம் அதுதான். அதிகமாகப் போனால் பத்து விநாடி இருந்திருக்கும்.

நம்மவர் அப்போது மச்சான் மகனோடு முறத்தின் கோணம் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து, “ரெடி தாத்தா, இப்ப நடுங்குங்க” என்றார். தாத்தா நடுங்கிக் காட்டினார். பள்ளிக்கூட நாடகத்தில் ஏழைப் புலவர் நடுங்குகிற மாதிரி இருந்தது. நம்மவர், “சூப்பர்” என்றார்.

படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு, கண்ணாடிச் சட்டமும் போட்டு, தாத்தா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். எப்போதும் அப்படித்தான். ஒரு பைசா வாங்கியதில்லை. லென்ஸுக்குக் கட்டும் மாதத் தவணையைப் பற்றி வீட்டம்மா மட்டும் பேசுவார், அதுவும் தெருவுக்குக் கேட்கும்படி. தாத்தா படத்தை வாங்கிக்கொண்டார். ஆயாதான் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் உற்றுப் பார்த்தார்.

“பின்னால வெள்ளையா இன்னா கண்ணு?”

“பனி ஆயா. ஸ்நோ.”

“பனியா? காத்தடிச்சா சோத்துப் பானையில வந்து விழுமே, அந்த டம்ப்பு மண்ணு தானே? ஆயுசு பூரா தொடச்சிக்கினே கீறேன், எனக்கே பனின்றியா?”

ஆனால் படத்தை நடுவீட்டில்தான் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடம், “எங்க வூட்டுக்காரரு ரஷ்யா போனப்போ எடுத்தது” என்று கூசாமல் சொல்கிறார். வருகிறவர்களும் விசாவைப் பற்றிக் கேட்பதில்லை.

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, சுமார் ஆயிரம் ஏக்கரில் கிடக்கும் பதின்மூன்று மேடுகளை மறுபடி தோண்டி, மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குச் சம்மதம் கொடுத்தது. ஊரே டீக்கடையில் கூடிப் பேசியது. டன்னுக்கு ஒரு கிராம்கூடத் தேறாது என்றார் ஒருவர். தேறுகிற வரைக்கும் லாபம், பையன்களுக்கு உள்ளூரில் வேலை கிடைத்தால் அந்த ரயிலை விட்டுத் தொலைக்கலாம் என்றார் இன்னொருவர். பாக்கி செட்டில்மென்ட் வருமா என்று ஓய்வுபெற்றவர்கள் கேட்டார்கள். நம்மவர் பேச்சில் கலந்துகொள்ளாமல், செய்தித்தாளில் அந்தப் பத்தியை விரலை வைத்து மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தார்.

“எந்த மேட்டுல இருந்து ஆரம்பிப்பாங்களாம்?” என்று கடைசியில் கேட்டார்.

“ஏம்பா, வேலைக்கு மனு போடப் போறியா?”

“அதில்லண்ணா. சாம்பியன் பக்கத்து மேட்டை மட்டும் தை மாசம் வரைக்கும் விட்டுவெக்கச் சொல்லணும். மூணு கல்யாண ஜோடி சொல்லி வெச்சிருக்காங்க.”