உடனே பிரசுரிக்கவும்

திருத்தணி மலைக்கு அடிவாரத்திலிருந்து 365 படிகள். வருஷத்து நாளுக்கு ஒன்று என்பது ஊர்க்கணக்கு. முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் வண்டிப் பாதையாக மேலே போய்க் கோயிலருகே இறங்கிக்கொள்கிறார்கள். எவ்வழியே போனாலும் தணிகேசன் ஒருவனே. இவ்வுண்மையைப் பிறந்தது முதல் அறிந்தவராயிருந்தும், தாம் எழுதியதைப் படிக்க வருகிற அப்பாவி எவராயினும் முதற்படியில் தொடங்கி ஒரு படியும் விடாமல் ஏறி, நா வறண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உச்சிக்கு வந்து சேர்ந்தாலன்றி விஷயத்தைத் தரிசிக்க விடுவதில்லை என்று விரதம் பூண்ட ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். ஊரார் அவருக்கு இட்ட பெயர் லினக்ஸ் தம்பி. நாற்பதைத் தாண்டிய பிறகும் தம்பிப் பட்டம் போகவில்லை.

பகலில் சென்னைக்கு ரயிலேறிப் போய் ஒரு கம்பெனிக்கு நிரல் எழுதிக் கூலி வாங்குகிறவர், இரவில் வீடு திரும்பி உலகத்துக்குச் சும்மா நிரல் எழுதிக் கொடுக்கிறார். 2012 ஜனவரியில் பிறந்த 'கணியம்' மின்னிதழைப் படித்து லினக்ஸ் கற்றவர். தாம் செய்ததை எவரும் எடுத்து ஆளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிற இந்த வர்க்கத்தினர் பரோபகாரிகள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. செய்த உபகாரத்தை நாலு பேருக்குச் சொல்லப் புகும்போதுதான் அவர்கள் மீது ஏதோ ஒன்று வந்து இறங்கிவிடுகிறது.

அவர் செய்த உபகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஆந்திரத்தோடு இருந்தது, ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், படாஸ்கர் வகுத்த எல்லைப் பங்கீட்டின் பயனாகவும் 1960 ஏப்ரல் 1ஆம் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. கோடு ராஜ்யங்களைப் பிரித்ததே தவிரச் சம்பந்திகளைப் பிரிக்கவில்லை. வீட்டில் தெலுங்கு பேசிப் பள்ளிக்கூடத்தில் தமிழ் மட்டும் படித்த குடும்பங்கள் இங்கே ஏராளம். எல்லைக்கு அப்பால் நகரியிலிருக்கும் மாமா வாட்ஸ்அப்பில் தெலுங்கு எழுத்தில் ஒரு சேதி அனுப்பினால், யாரேனும் வாய்விட்டுப் படித்தால் முழுதும் விளங்கக்கூடிய அச்சேதி, வாசலில் போட்ட கோலம்போல் அழகாகவும் மௌனமாகவும் கிடக்கும். தம்பியின் மென்பொருள் அந்தத் தெலுங்கு எழுத்தைத் தமிழ் எழுத்தாக மாற்றிக் காட்டும். பாஷையைத் தொடாது, சட்டையை மட்டும் மாற்றும். யூனிகோடு அட்டவணையிலும் தமிழுக்கு அடுத்த வீடு தெலுங்குதான் என்பதும், தமிழ்க் ககரத்தின் எண்ணோடு 128ஐக் கூட்டினால் தெலுங்குக் ககரம் கதவைத் திறக்கும் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தெலுங்கின் நாலு ககரங்கள் தமிழின் ஒற்றை அறைக்குள் குடிபுகும்போது விளைகிற நெருக்கடியை அவர் சமாளித்த விதத்தைக் கேட்டு நான் உண்மையாகவே வியந்தேன்.

இத்தனை நேர்த்தியான காரியத்தைப் பத்திரிகைகளுக்கு அறிவிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஐந்து பக்கம் எழுதிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். தலையில் கொட்டை எழுத்தில் 'உடனே பிரசுரிக்கவும்' என்றிருந்தது. அதன்கீழே ஊர்ப் பெயர். சென்னையிலுள்ளவர்கள் இன்னமும் நம்மை ஆந்திரம் என்று நினைத்துவிடக்கூடும் என்ற அச்சத்தால் 'தமிழ்நாடு' என்பதற்கு அடிக்கோடு. தலைப்பில் மென்பொருளின் பெயரும் 0.3.1 என்ற பதிப்பு எண்ணும் மாத்திரம் இருந்தன. அது மழையளவா, பந்துவீச்சுக் கணக்கா என்று வாசகர் தாமே ஊகித்துக்கொள்ள வேண்டியது. பிறகு தொடங்கியது ஸ்தலபுராணம். 1983 செப்டம்பர் 27ஆம் தேதி ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்ததில் ஆரம்பித்து, 1998 ஜனவரி 22ஆம் தேதி நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலை வெளியிடப்போவதாகச் சொன்னதில் சற்று இளைப்பாறி, 2010இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து லிப்ரே ஆபீஸ் தனிக்குடித்தனம் போன கதையில் ஒரு மண்டபம் கட்டி, நாலாம் பக்கத்தின் நடுவில் திருத்தணிக்கு வந்து சேர்ந்தார்.

"இது என்ன செய்யும் என்பது எங்கே இருக்கிறது?" என்றேன்.

"கடைசிப் பாராவுல சார். அதுக்குள்ள படிக்கிறவர் மனசு பக்குவப்பட்டுடும்."

அவ்வறிக்கையில் ஒரு முழுப் பக்கத்தை விழுங்கியிருந்த விஷயத்தைத் தனியே சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வாய்த்துவிட்ட துரதிருஷ்டத்தால், கட்டற்ற மென்பொருள் இயக்கத்துப் பெரியவர்கள் 'நாங்கள் சொல்வது பேச்சுரிமையைப் போன்றது, ஓசிச் சாராயத்தைப் போன்றதன்று' என்கிற பொருளில் காலமெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க நேர்ந்தது. தமிழில் இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணி ஏமாந்த தமிழர் எவரையும் நான் கண்டதில்லை. நம் தம்பியோ அந்த ஆங்கிலச் சொல்லை முதலில் அறிமுகம் செய்து, அதற்கு இரு பொருள் உண்டு என்று கூறி, வாசகரைக் குழப்பி, பிறகு அக்குழப்பத்தைப் பத்து வாக்கியங்களால் தீர்த்துவைத்திருந்தார். ஊரில் இல்லாத காய்ச்சலைக் கப்பலில் வரவழைத்துக் கஷாயம் கொடுக்கிற வைத்தியம் இது. அவர் வாசித்துக்கொண்டு போகையில் 'கட்டற்ற மென்பொருள்' என்ற தொடர் உள்ளே படுத்திருந்த எங்கள் அத்தையின் காதில் விழுந்தது. "கட்டு விட்டுப்போச்சா? புத்தூர் போய் நல்லாக் கட்டிக்கினு வரச் சொல்லு" என்றாள். எலும்பு முறிந்தால் எங்கள் பக்கத்தார் கண்ணை மூடிக்கொண்டு பஸ் ஏறுகிற இடம் அது. தம்பி சிரிக்கவில்லை, அத்தைக்காக ஓர் அடிக்குறிப்பு எழுதிக்கொண்டார்.

அடுத்து மேற்கோள். 'இந்தப் பதிப்பை வெளியிடுவதில் மிகுந்த பெருமிதம் அடைகிறோம் என்று திட்டத்தின் நிறுவனர் கூறினார்' என்று எழுதியிருந்தது. நிறுவனர் அவர், கூறியவர் அவர், கேட்டவர் அவர், எழுதியவரும் அவரே. ஏகாந்தத்தில் நிகழ்ந்த அந்தப் பேட்டியில் பெருமிதம் எப்படி நுழைந்ததென்று விசாரித்தபோது, எல்லா அறிக்கைகளிலும் அப்படித்தான் இருக்கிறது என்றார். பயனர் ஒருவர் சொன்னதாகவும் ஒரு வாசகம் வேண்டும், அதை நான் சொன்னதாகப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டு, என் சம்மதத்துக்குக் காத்திராமல், 'புரட்சிகரமான இவ்வனுபவம் என் வாழ்வையே மாற்றியமைத்தது' என்று என்னைச் சொல்லவைத்தார். என் கைப்பேசியில் பேச மட்டுமே முடியும்.

முடிவில் நன்றியுரை, அறுபது பெயர்களோடு. 2004 டிசம்பர் 16ஆம் தேதி நியூயார்க் டைம்ஸில் பயர்பாக்ஸ் உலாவிக்காக இரண்டு பக்க விளம்பரம் வந்தபோது, பணம் கொடுத்த ஏறக்குறைய 10,000 பேரின் பெயரையும் பொடி எழுத்தில் அச்சிட்டார்களே என்பது அவர் வாதம். அவர்கள் இடத்துக்குக் காசு கட்டினார்கள், நீ செய்தியாகக் கேட்கிறாய் என்று நான் சொல்லியும் அவர் மசியவில்லை. பத்திரிகைக்கு எழுதச் சொன்னால் கல்யாணப் பத்திரிகை எழுதிக்கொண்டு வந்தவரிடம் பங்காளிகளில் யாரை நீக்கு என்று சொல்வது?

'உலகிலேயே முதன்முறையாக' என்ற தொடர் மூன்று இடங்களில் இருந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற பின்லாந்து மாணவர் 1991 ஆகஸ்டு 25ஆம் தேதி தாம் ஓர் இயங்குதளம் எழுதிவருவதைச் சில வரிகளில் தெரிவித்தபோது, இது பொழுதுபோக்குத்தான், பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது என்ற கருத்தில் அடக்கிச் சொன்னார் என்று எனக்குக் கதை சொன்னவரே இந்தத் தம்பிதான். அதை நினைவுபடுத்தினேன். "அவருக்கு அடக்கம் கட்டுப்படியாச்சு சார். நமக்கு ஆகுமா?" என்றார். இதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

'உடனே பிரசுரிக்கவும்' என்று தலையில் எழுதியவர், காலில் 'டிசம்பர் 31 நள்ளிரவு 12 மணிக்கு முன் வெளியிடலாகாது' என்று ஒரு தடையும் விதித்திருந்தார். முந்திக்கொண்டு வெளியிட எந்தப் பத்திரிகை துடித்தது என்பது அவருக்கே வெளிச்சம். அந்த இராத்திரிதான் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த படித்திருவிழா. படிக்குப் படி கற்பூரம் காட்டித் திருப்புகழ் பாடி ஏறுகிற கூட்டத்தின் நடுவே ஊர் நிருபர்கள் அத்தனை பேரும் மலைமேல் இருப்பார்கள். வருஷத்தில் 365 நாட்கள் இருக்க, பார்த்துப் பார்த்து அந்த ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தார்.

ஆகவே அறிக்கை நிருபர் கைக்குப் போய்ச் சேர்ந்தது ஜனவரி முதல் வாரத்தில், பஸ் நிலையத்து டீக்கடையில். நானும் உடனிருந்தேன். இருபது வருஷமாகத் திருத்தணிச் செய்தி அனுப்புகிற அம்மனிதர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முதல் வரியைப் படித்தார்.

"1983ல நடந்ததுக்கு இப்ப இன்னா தம்பி அவசரம்?"

தம்பி விளக்கப் புகுந்தார். நிருபர் கையமர்த்தினார். "மலையில சாமி உச்சியில இருக்கலாம். பேப்பர்ல சாமி முதல் படியிலயே நிக்கணும். இடம் பத்தலேன்னா ஆபீஸ்ல அடியிலிருந்துதான் வெட்டுவாங்க; நீ சாமியைக் கொண்டுபோய் அங்க வெச்சிருக்கே. அதை விடு. இதால யாருக்குப் பிரயோஜனம்?"

ஐந்து பக்கங்களும் நிருபர் கையில் இருந்ததால் தம்பிக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. "எங்க அம்மாவுக்குண்ணா. நகரியிலேர்ந்து மாமா தெலுங்குல மெசேஜ் போடுவாரு. அம்மாவுக்குப் பேச வரும், படிக்க வராது. தெனமும் அதை வெச்சிக்கினு யாராவது வருவாங்களான்னு வாசல்ல உக்காந்திருப்பாங்க. இப்ப அவங்களே படிக்கிறாங்க."

நிருபர் ஐந்தாம் பக்கத்தைத் திருப்பி, வெறுமையாயிருந்த முதுகில் அவ்வளவையும் எழுதிக்கொண்டார். அம்மாவின் வயதைக் கேட்டார். எங்கே இறக்கிக்கொள்வது, எந்த எண்ணில் கூப்பிடுவது என்று கேட்டார். டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

மூன்றாம் நாள், மின்தடை அறிவிப்புக்கும் கண் சிகிச்சை முகாமுக்கும் நடுவே ஏழு வரி வந்தது: தெலுங்குச் சேதியைத் தமிழ் எழுத்தில் படிக்க இலவச மென்பொருள், திருத்தணி இளைஞர் சாதனை. பொழுது சாய்வதற்குள் தம்பியின் தொலைபேசி சூடேறிவிட்டது. பள்ளிப்பட்டிலிருந்து ஒருவர், பாட்டனார் காலத்துத் தெலுங்குக் கிரயப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டார். கையெழுத்தை அது படிக்காது என்று சொன்னதற்கு, மெள்ளப் படித்தால் போதும், அவசரமில்லை என்றார். அரக்கோணத்து அம்மாள் ஒருத்தி இந்திக்கும் உண்டா என்று விசாரித்தாள்.

மறுநாள் காலை தம்பி என் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது. இளைஞர் என்று போட்டதை அவர் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டார். இலவசம் என்று போட்டதைத்தான் தாங்க முடியவில்லை. மறுப்பறிக்கை ஒன்று இரவோடிரவாகத் தயாராகியிருந்தது; ஆறு பக்கம். தலையில் 'உடனே பிரசுரிக்கவும்'. முதல் வரியில் 1983. ஐந்தாம் பக்கத்தில் ஓரிடம் மட்டும் வெறுமையாக விடப்பட்டிருந்தது. அவ்விடத்தில் நான் மிகுந்த வேதனையோடு ஏதேனும் கூறியாக வேண்டுமாம்.