சிட்காம் போட்டியாளரியல்: ஓர் அறிமுகம்

மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர் முதலிடத்தை நகைக்குத்தான் கொடுத்தார். எள்ளலிலும் இளமையிலும் பேதைமையிலும் மடமையிலும் அது பிறக்கும் என்றார். அந்தப் பட்டியலில் ஐந்தாவதாகப் ‘போட்டி’யைப் பணிவுடன் சேர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்கொண்ட களம், பிரிட்டனில் நடக்கும் சிட்காம் எழுத்துப் போட்டி. அனுப்பப்படும் பிரதியைவிட அனுப்புகிறவரிடமே நகைச்சுவை மிகுதி என்பது எம் துணிபு.

முதலில் இலக்கணம். சிட்காம் என்பது அரை மணி நேரம், ஒரே வீடு அல்லது ஒரே கடை, ஒருவரை விட்டு ஒருவர் ஓட முடியாத நாலு பேர். யாராவது ஓடிவிட்டால் தொடர் முடிந்தது. சிட்காம் எழுத்தாளர்களான ரே கால்ட்டனும் ஆலன் சிம்ப்சனும் 1948-ல் சர்ரே மாவட்டத்து மில்ஃபர்ட் காசநோய் மருத்துவமனையில், இருபது வயதுகூட நிரம்பாத நோயாளிகளாக, ஒருவரையொருவர் சந்தித்தார்கள். படுக்கையை விட்டு எழக் கூடாது என்று டாக்டர் சொன்ன இடத்தில் பழகிய இருவர், 1962-ல் ‘ஸ்டெப்டோ அண்ட் சன்’ எழுதினார்கள். பழைய சாமான் வியாபாரம் செய்யும் அப்பா. அவரை விட்டுப் போயே தீருவேன் என்று ஒவ்வொரு வாரமும் கிளம்பி, போகாமல் நிற்கும் மகன். இவ்விலக்கணம் இலக்கியத்திலிருந்து பிறந்ததா, எக்ஸ்ரேயிலிருந்து பிறந்ததா என்று அறிஞர்கள் ஆராயலாம்.

இரண்டாம் விதி: நாயகன் எதையும் கற்றுக்கொள்ளக் கூடாது. ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ தொடரில் டார்க்கீ கடற்கரை ஊரில் ஹோட்டல் நடத்தும் பேசில் ஃபால்ட்டி 1975-ல் ஆறு, 1979-ல் ஆறு என மொத்தம் 12 அத்தியாயங்களில் வருகிறார். ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்ற ஒரே பாடம் கடைசிவரை அவர் தலையில் ஏறவில்லை. ஏறியிருந்தால் பதின்மூன்றாவது அத்தியாயத்துக்கு மட்டுமல்ல, இரண்டாவதுக்கே வேலை இல்லை.

இனிப் போட்டியாளரை நோக்குக. அதே வீடு. அதே மேசை. ஓட முடியாத குடும்பம். ஆண்டுதோறும் அதே நம்பிக்கை, அதே ‘இம்முறை வாய்ப்பில்லை’ மின்னஞ்சல், மறுநாள் காலையில் அதே நம்பிக்கை. சிட்காம் நாயகனுக்குரிய இலக்கணம் ஒன்றுகூட இவரிடம் குறையவில்லை. தாம் எழுதிக்கொண்டிருப்பது தம் கதை என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையும் இலக்கணத்தில் சேர்த்தி.

இவரைப் பற்றி யாம் யாத்த நூற்பா ஒன்று:

தானே நகைப்போன் தலைமகன் ஆகும்;
தாரம் நகையாள் என்மனார் புலவர்.

இதன் உரை வருமாறு. பிரிட்டனில் குப்பைத் தொட்டிக்கு நிறம் உண்டு. இந்த வாரம் இந்த நிறம், அடுத்த வாரம் அந்த நிறம். தவறான தொட்டியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வருகிறார் போட்டியாளர். மனைவி கேட்கிறாள்: “தொட்டியைச் சரியா வெளியே வைக்கத் தெரியாத ஆளை வெளியே வைக்க எந்தக் கிழமை வண்டி வரும்?” சாதாரண மனிதன் இங்கே தலைகுனிவான். இவர் பேனாவைத் தேடுகிறார். “அதைத் திருப்பிச் சொல்லு, மெதுவா.” அவள் சொல்லவில்லை, மாடிக்குப் போய்விட்டாள். அந்த வசனம் பிரதியின் நாலாம் பக்கத்தில் இடம்பெறுகிறது, கணவன் வாயில். அன்றிரவு பிரதியை வாய்விட்டுப் படித்துக் காட்டும்போது அவர் மூன்று இடங்களில் சிரித்து மூச்சு வாங்குகிறார். அவள் கேட்பது ஒன்றுதான்: “இதுல நான் யாரு?”

கட்டமைப்பைப் பொறுத்தவரை போட்டியாளர்கள் இரு பிரிவினர். வைணவ ஆசாரியர்கள் சரணாகதிக்குச் சொன்ன மர்க்கட நியாயமும் மார்ஜார நியாயமும் இவர்களுக்கு அப்படியே பொருந்தும். குரங்குக் கட்சியார் கதைச்சுருக்கத்தை இறுகப் பற்றிக்கொண்டு தொங்குவார்கள். சுவரெல்லாம் மஞ்சள் சீட்டு. பூனைக் கட்சியார் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார்கள். கதையே கழுத்தைக் கவ்வித் தூக்கிப் போகும் என்பது அவர்கள் சித்தாந்தம். கடைசி நாள் நள்ளிரவில் இரு கட்சியாரும் ஒரே மோட்சத்தை அடைகிறார்கள்: இணையதளம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அடுத்தது, இவ்வியலின் ஆழமான சிக்கல்: பதினோராம் பக்கம். பிபிசியின் எழுத்தாளர் பிரிவு, வந்து குவியும் பிரதிகளில் முதல் சல்லடைக்கு முதல் பத்துப் பக்கங்களையே படிப்பது என்ற முறையை நெடுங்காலம் வைத்திருந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது; மனிதப் பிறவி ஒன்றுதான். ஆனால் அரை மணி நேரப் பிரதி முப்பது பக்கத்துக்குக் குறையாது. ஆகவே பெரும்பாலான பிரதிகளில் பதினோராம் பக்கம் எழுதியவரைத் தவிர எவரும் காணாதது. காணப்படாத பொருளுக்கு இருப்பு உண்டா? எம் கருத்தில், பதினோராம் பக்கம் பிரம்மத்தைப் போன்றது. உண்டு என்பவர் அனுபவத்தால் சொல்கிறார், இல்லை என்பவர் படிக்காமல் சொல்கிறார். போட்டியாளரிடம் கேட்டால், உண்மையான நகைச்சுவை பன்னிரண்டாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது என்பார். இது எல்லாப் போட்டியாளர்க்கும் பொது.

நிராகரிப்புக்குப் பின் தர்க்கம் பிறக்கிறது. மணிமேகலையில் அறவண அடிகள் ஏதுப்போலிகளை விரிவாக விளக்குகிறார். அவற்றுக்கு இதைவிடச் செழிப்பான எடுத்துக்காட்டு கிடைக்காது. ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ முதல் பிரதியைப் படித்த பிபிசி ஊழியர் ஒருவர், இது உருப்படாது என்ற பொருளில் 1974-ல் குறிப்பு எழுதினார். அதே தொடரை 2000-ல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் தன் நூறு தலைசிறந்த நிகழ்ச்சிகள் வரிசையில் முதலாவதாக வைத்தது. இதிலிருந்து போட்டியாளர் பெறும் அனுமானம்: அதை மட்டமென்றார்கள், அது மகத்தானது, என்னுடையதையும் மட்டமென்றார்கள், ஆகவே. புகை தெரிகிறது, நெருப்பு உண்டு என்பது சரியான அனுமானம். புகையை மட்டும் வைத்துப் பொங்கல் வைப்பது போலி. அந்தக் குறிப்பு தொடரைத் தடுக்கவே இல்லை. அதை எழுதியவர்களில் ஒருவரான ஜான் கிளீஸ் அப்போதே மான்ட்டி பைத்தான் குழுவால் ஊரறிந்தவர். இவ்விரண்டையும் போட்டியாளர் அறிவார். சொல்ல மாட்டார்.

பிரிட்டனிலுள்ள தமிழ் வீடுகளில் இதற்கொரு கிளை உண்டு. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ரோமேஷ் ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 2018-ல் ‘தி ரிலக்டண்ட் லேண்ட்லார்ட்’ என்று சொந்த சிட்காமே அவருக்கு வந்தது. “நானும் கணக்குதானே படிப்பிக்கிறன், அம்மா” என்பது போட்டியாளரான மகனின் வாதம். இடையில் மேடை மேடையாக ஏறி நின்று ரோமேஷ் ஜோக் சொன்ன காலம் அந்தச் சமன்பாட்டில் வராது.

இறுதியாக, வெற்றி. பிபிசியில் அரங்கச் சாமான்களை நகர்த்தும் வேலை பார்த்த ஜான் சல்லிவன் எழுதியது ‘ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்’. ‘அடுத்த வருஷம் நாம் கோடீஸ்வரர்’ என்று சொல்லிக்கொண்டே திரிந்த அண்ணனும் தம்பியும் 1996 கிறிஸ்துமஸில் நிஜமாகவே பணக்காரர் ஆனார்கள். 2 கோடியே 43 லட்சம் பேர் பார்த்தார்கள். தொடரும் அத்துடன் நின்றது. 2001-ல் திரும்பக் கொண்டுவந்தபோது அந்தப் பணம் முழுவதையும் தொலைக்க வைத்த பிறகுதான் கதை நகர்ந்தது. பரிசு பெற்ற நாயகன் நாயகனாக நீடிக்க முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. நடுவர்கள் இவ்விதியை அறிந்துதான் நடக்கிறார்கள் என்று நிறுவ ஆதாரம் இல்லை. முடிவுகள் என்னவோ ஒத்துப்போகின்றன.

போட்டி நடத்துவோருக்கு ஒரு விண்ணப்பம். பரிசை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள், அது உங்கள் உரிமை. முடிவை மட்டும் வெள்ளிக்கிழமை மாலை அனுப்பாதீர்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஃபால்ட்டி டவர்ஸ் கதையைக் கேட்க வேண்டியிருப்பது வீட்டில் உள்ளவர்கள்தான்.