எம்மெல்லே மாப்பிள்ளைக்கு நாலு வார்த்தை

வாங்க மாப்ள, உக்காருங்க. போன மாசம் வரைக்கும் ‘வாடா போடா’தான். இப்ப எம்மெல்லே ஆயிட்டீங்க, கூட வந்த பயலுக மொறைக்கிறானுக. அதனால ‘வாங்க போங்க’ன்னே வச்சுக்கிடுவோம். அந்தச் சால்வைகளை மட்டும் கழட்டிப் போடுங்க, அக்கினி நட்சத்திர வெயிலு.

தொகுதிக்கு என்ன செய்யலாம்னு கேக்குறீங்க. மொத வேலையா நிழற்குடை கட்டுங்க. முன்னால இருந்தவரு நம்ம ஊரு விலக்குல ஒண்ணு கட்டினாரே, பாத்திருப்பீங்க. நெத்தியில அவரு பேரு ஒரு முழம், ஊரு பேரு ஒரு சாண். மேக்க பாத்துக் கட்டிட்டாங்க. மூணு மணிக்கு மேல திண்டுல உக்கார முடியாது, சுட்டுரும். சனம் பூராவும் கட்டடத்துக்குப் பின்னால போயி நிக்கிது. நிழல் குடுக்குதா இல்லையா? வெள்ளை போர்டு பஸ்ஸுல பொம்பளைகளுக்கு டிக்கெட் கிடையாதுன்னு 2021லயே சொல்லிட்டாங்க. அந்தப் பஸ்ஸைத்தான் சாயந்திரம் காணோம். வராத பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டிருக்கவும் ஒரு எடம் வேணும்ல?

காசுக்குப் பஞ்சமில்ல. தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி. 234 தொகுதிக்கும் கூட்டிப் பாருங்க, 702 கோடி. அதுல ஒத்த ரூவா உங்க கைக்கு வராது. நீங்க எழுதிக் குடுக்கணும், கலெக்டர் அனுமதி போடணும், அதுக்குப் பெறகுதான் வேலை. கல்யாண வீட்டுல பந்தி விசாரிக்கிறவன் மாதிரி, ‘இந்த எலைக்கு இன்னொரு கரண்டி வைங்கப்பா’ன்னு சத்தம் மட்டும்தான் நம்மது. அரிசி வாங்கினவனே எலையில உக்காந்துக்கிட்டு நமக்குக் கும்பிடு போடுவான் பாருங்க, அந்தச் சொகம் வேற எதுல வரும்!

2022ல முதலமைச்சரு 234 பேருக்கும் லெட்டர் போட்டாரு, ரொம்ப நாளா தீராத கோரிக்கையில 10 எழுதிக் கலெக்டர்ட்ட குடுங்கன்னு. நம்ம பக்கம் 10 எழுத என்ன கஷ்டம்? எதை விடுறதுங்கறதுதான் பாடு. அதுக்கு எறங்கி நடக்கணும். காருக்குள்ள இருந்து பாத்தா கம்மாய் பச்சைப் பசேல்னுதான் தெரியும். அத்தனையும் சீமைக்கருவேலம்.

கிராம சபைன்னு வருஷத்துல 6 நாளு வச்சிருக்காங்க. அந்தப் பக்கம் தல காட்டிராதீங்க. மாலை மரியாதை இருக்காது, தண்ணி ஏன் வரலைன்னு கெழவிக கேப்பாளுக.

இன்னொண்ணு, சட்டசபையில கேள்வி நேரம்னு ஒண்ணு வரும். நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துல ராத்திரி டாக்டர் இருக்காரான்னு நீங்க அதுல கேட்டு வச்சா, அமைச்சரு எந்திரிச்சுப் பதில் சொல்லணும். அவைக் குறிப்புலயும் ஏறிரும். டாக்டரு வந்தாலும் வந்துருவாரு. ஆனா மாப்ள, அதுல ஒரு சங்கடம், எங்கயும் கல்வெட்டு வைக்க முடியாது. பாம்பு கடிச்சவன் பொழச்சு வீட்டுக்கு வந்து ஒங்க பேரையா சொல்லப் போறான்? குலசாமி பேரத்தான் சொல்லுவான். ஒரு கேள்வியில போற வேலைக்கு ரிப்பனு, கத்திரி, ப்ளக்ஸு எதுவுமே இல்லன்னா, பெறகு எதுக்குத்தான் இந்தப் பதவி? நல்லா ரோசிச்சுச் செய்யுங்க.

ஒங்க அத்த ஒரு சேதி சொல்லச் சொன்னா. வர்ற பங்குனியில பேத்திக்குக் காதுகுத்து. அப்ப அங்க மானியக் கோரிக்கை ஓடிக்கிட்டிருக்கும். நீங்க சென்னையிலயே இருந்து வாயத் தொறந்து நாலு கேள்வி கேளுங்க, இங்க வரணும்னு இல்ல. மொய்ய மட்டும் பி.ஏ. தம்பிகிட்ட குடுத்து விட்ருங்க.