ஏரிக்கரைப் பூங்காவின் மேலதிகாரிக்கு ஒரு விண்ணப்பம்

மாநகரத்து ஏரிக்கரைப் பூங்காவைப் பரிபாலித்துவரும் மேலதிகாரி அவர்கள் சமூகத்திற்கு, செங்கோட்டைவாசி ஒருவன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது.

தங்கள் பூங்காவின் பெயரை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். பெயரைச் சொன்னால் தங்கள் ஒருவருக்கே உரியதாகிவிடும் கீர்த்தி, சொல்லாமல் விட்டால் சகோதரப் பூங்காக்கள் அனைத்துக்கும் சமமாகப் பங்காகும் அல்லவா?

பொதிகை ரயிலில் இரவெல்லாம் பிரயாணம் செய்து பட்டணத்து மகள் வீட்டை அடைந்து, குடும்பத்தோடு பொழுதுபோக்க உகந்த இடம் என்று பலரும் சிலாகித்த தங்கள் ஏரிக்கரைக்குப் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு போனபோது, வாசலில் ஆளுக்கொரு சீட்டும் காமிராவுக்குத் தனிச்சீட்டும் வாங்கிய அந்தக் கணத்திலேயே, சிரேஷ்டமானதொரு ஸ்தாபனத்துக்குள் பிரவேசிக்கிறோம் என்ற பயபக்தி எனக்கு உண்டாகிவிட்டது. உள்ளே புல் இருந்தது. அதில் உட்காரக்கூடாது என்ற பலகையும் இருந்தது. ஊஞ்சல் இருந்தது, ஒரு பக்கத்துச் சங்கிலியைத்தான் காணோம். ஏரியும் இருந்தது, மார்பளவு கம்பிவேலிக்கு அப்பால். வேலியின் இடுக்கில் கையை நீட்டி ஜலத்தைத் தொட எத்தனித்த மாத்திரத்தில் எங்கிருந்தோ விசில் ஊதிற்று. "பெரியவரே, கம்பியாண்ட நிக்காதீங்க" என்று காவலர் அதட்டியதைக் காட்டிலும், "தண்ணி பாக்கறதுக்கு மட்டுந்தான் தாத்தா" என்று ஆறு வயதுப் பேத்தி எனக்கு உபதேசம் செய்தாளே, அதுவே தங்கள் நிர்வாகத்தின் மகத்தான வெற்றி என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

ஜல சம்ரட்சணத்தில் பட்டணத்துக்குள்ள அநுபவம் நேற்றையதன்று. மாம்பலத்திலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை 1920-களில் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பினார்கள். நுங்கம்பாக்கத்தில் ஏரி கிடந்த இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டத்துக் கல்தேர் நிமிர்ந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் உண்டு. ரோடு மட்டும் க்ஷேமமாக இருக்கிறது. ஏரியில் விழுந்து மூழ்கும் அபாயத்தை இத்தனை பரிபூரணமாக நீக்கிய நகரம் வேறெங்கே உண்டு? ஐப்பசி கார்த்திகையில் மாத்திரம் பழைய ஏரிகள் தங்கள் விலாசத்தைத் தேடிக்கொண்டு வீடுகளுக்குள் வந்துவிடுகின்றன என்று மகள் சொல்லுகிறாள். அது வேறு இலாகா.

எங்கள் பக்கத்து அநாகரிகத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனி ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்றுப் புகுந்து சாரல் பிடித்துவிட்டால், குற்றாலத்துப் பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றாலமும், மிராசுதார் என்றும் மூட்டை தூக்குபவன் என்றும் பாராமல், எல்லார் மண்டையிலும் ஒரே விசையோடு அறைகின்றன. சீசனில் நள்ளிரவிலும், எண்ணெய் வழியும் உடம்போடு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஜனங்கள் பேரருவியைத் தேடிப் போவார்கள். அங்கே உள்ள சட்டமெல்லாம் ஒரு வளைவு: ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் போலீஸார் தடை போடுவார்கள், இறங்கினால் விடுவார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்துத் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை வாரிக்கொண்டு போனதை அறிந்த எங்கள் ஊரார், அந்தத் தடையை முணுமுணுப்பதில்லை. தண்ணீரின் போக்கைப் பார்த்து எங்களிடத்தில் சட்டம் மாறுகிறது. தங்கள் ஏரியில் ஜலம் அசைவதே இல்லையாதலால், சட்டமும் அசைய வேண்டிய அவசியம் ஏற்படவில்லை போலும்.

ஆகவே, தங்கள் உத்தியோகஸ்தர் ஒருவரை இந்த ஆடிக்குள் குற்றாலத்துக்கு அனுப்பிவைத்து, பேரருவிக்கு மார்பளவு வேலி அடைத்து, குரங்குகளுக்குச் சீட்டு முறையைப் பழக்கி, மாலை ஆறு மணிக்குமேல் விழக்கூடாது என்று அருவிக்கும் முறைப்படி நோட்டீஸ் சார்த்துவித்து, எங்களைக் கடைத்தேற்றும்படி பிரார்த்திக்கிறேன். விசில் மட்டும் சற்றுப் பெரிதாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். அருவிச் சத்தத்தில் சின்னது கேட்காது.

படகுச் சீட்டு இரண்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். அன்னப்பட்சிப் படகின் மிதி கழன்றுபோன சமாசாரத்தைப் பணம் வாங்கிய பிற்பாடுதான் சொன்னார்கள். கொடுத்த பணம் எக்காரணம் கொண்டும் திரும்பாது என்று சீட்டின் பின்புறத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துத் தெளிந்தேன், பணத்தைக் கேட்கவில்லை. அன்னத்துக்குக் கால் சரியானதும் ஒரு தபால் கார்டு போட்டால், பேத்தியின் பள்ளிக்கூட விடுமுறையை அநுசரித்து வந்துசேருவேன்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
செங்கோட்டைவாசி