சுயமுகவரியிட்ட உறையுடன்

பள்ளிக்கூடம் திறக்கிற நாட்களில் செய்தித்தாளின் உள்பக்கத்தில், ஏல அறிவிப்புக்கும் 'காணவில்லை' விளம்பரத்துக்கும் இடையே, நாலே வரியில் ஒரு செய்தி வரும். இன்ன ஊரில் இன்னார் நினைவு அறக்கட்டளை தகுதியுள்ள ஏழை மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகை வழங்க இருக்கிறது, சுயமுகவரியிட்டுத் தபால்தலை ஒட்டிய உறையுடன் எழுதிப் படிவம் பெற்றுக்கொள்ளலாம் என்று. பிளஸ் டூ தமிழ்நாட்டுக்குப் புதிதாக வந்திருந்த, 1980ஐ ஒட்டிய வருஷங்கள் அவை. பியூசி படித்த அண்ணன்மார் "உங்கள வச்சுத்தாண்டா பரிசோதனை பண்றாங்க" என்று எங்களைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நாலு வரியைப் பிடிப்பதற்காகவே நான் கிளை நூலகம், சலூன், டீக்கடை என்று சுற்றிச் சுற்றி எல்லாப் பத்திரிகைகளையும் வாசித்தேன். பார்த்தவர்கள் பொது அறிவு வளர்க்கிற பையன் என்று மெச்சினார்கள். எனக்கு வளர்ந்ததெல்லாம், சுற்றுவட்டாரத்தில் எந்தப் பணக்காரர் எப்போது காலமானார், அவர் பிள்ளைகளுக்குத் தர்ம சிந்தனை உண்டா இல்லையா என்கிற அறிவு மட்டும்தான்.

சில நாள் நூலகத்துப் பத்திரிகையில் செய்தி இருந்த இடத்தில் சதுரமாக ஓட்டைதான் இருக்கும். எனக்கு முன்னால் வந்த ஏழை மாணவன் பிளேடால் கீறி எடுத்துப் போயிருப்பான். அவன் யாரென்றும் தெரியும். வகுப்பில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். மறுநாள் நான் முந்திக்கொள்வேன். இப்படி ஒரு பருவம் முழுக்க அந்த நூலகத்து வாசகர்கள் ஜன்னல் வைத்த பத்திரிகைகளையே வாசித்தார்கள்.

படிவம் வந்துவிட்டால் அடுத்தது சான்றிதழ். அப்பாவின் வருமானம் என்னவென்று அப்பாவுக்கே தெரியாத வீட்டில், அதைக் கர்ணம்தான் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். அவர் சொன்னதை ஆர்.ஐ. நம்ப வேண்டும், அவர் நம்பியதைத் தாசில்தார் முத்திரையிட வேண்டும். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், முன்சீப் என்ற பரம்பரைப் பதவிகளையே ஒழித்துவிட்டது. நல்ல காரியம் என்று ஊர் கொண்டாடியது. கையில் பாதி நிரப்பிய படிவத்தோடு நின்ற எனக்கு மட்டும், புரட்சியை இன்னும் ஒரு மாதம் கழித்துச் செய்திருக்கலாமே என்று பட்டது.

மதிப்பெண் பட்டியலின் நகலில் பச்சை மையால் கையெழுத்துப் போட ஒரு கெஸட்டட் அதிகாரி வேண்டும். எங்கள் வட்டாரத்தில் கைக்கெட்டிய ஒரே கெஸட்டட் அதிகாரி மாட்டாஸ்பத்திரி டாக்டர். சினைப்பசு ஒன்றைப் பரிசோதித்துவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே, "கணக்குல தொண்ணூத்தி ரெண்டா? இங்கிலீஷ்ல ஏன் நாப்பத்தொண்ணு?" என்று கேட்டார். பசுவின் சொந்தக்காரர் உட்பட அங்கிருந்த எல்லோரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். 2014இல் சுய சான்றொப்பம் போதும் என்று அரசு அறிவித்தது. நம் நேர்மைக்கு நாமே சாட்சி, நல்லதுதான். ஆனால் என் ஆங்கிலத்தைப் பற்றி ஒரு கால்நடை மருத்துவர் கவலைப்பட்ட காலம் அதோடு முடிந்துபோனது.

படிவத்தோடு 'குடும்ப நிலையை விளக்கி' ஒரு கடிதமும் கேட்பார்கள். அப்போது நான் பள்ளிக்கூடத்துக் கையெழுத்துப் பத்திரிகையின் ஆசிரியர். எனக்கு வறுமையைவிட வறுமையைப் பற்றி எழுதுவதில் ருசி அதிகம். "வறுமை எனும் கோரப் பிடியில் சிக்கிக் கண்ணீர்க் கடலில் தத்தளிக்கும் என் தந்தையார்" என்று தொடங்கி, நாலு பக்கத்துக்கு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, கையெழுத்துக்காக அப்பாவிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். "பாவம், யாருடா இது?" என்றார்.

அந்தக் கடிதத்துக்கு ஓர் அறக்கட்டளை பதில் போட்டது. நேர்காணல் விருதுநகரில், ஒரு வத்தல் மண்டியின் பின்கட்டில். செயலாளர் அண்ணாச்சி கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் மிளகாய் மூட்டை. என் நாலு பக்கத்தை அவர் பிரிக்கவே இல்லை. "கிலோ எட்டு ரூவா. மூணேமுக்கா கிலோ எம்புட்டு?" என்றார். மூன்று தும்மலுக்கு நடுவே "முப்பது" என்றேன். "சாக்கு எடையக் கழிச்சியா?" என்றார். பிறகு ஊர் கேட்டார், தெரு கேட்டார், தாத்தா பெயர் கேட்டார். "அவரா? எங்கய்யாகிட்டத் துவரம்பருப்பு கடனுக்கு வாங்குவாரு. தவணை தப்ப மாட்டாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பி, கருப்பட்டிக் காப்பி ஒன்று கொண்டுவரச் சொன்னார். மூன்று தலைமுறையின் சிபில் ஸ்கோரை ஒரு டம்ளர் காப்பி ஆறுவதற்குள் பார்த்து முடித்த நிர்வாகம் அது.

அந்த ஊருக்கு இதில் பழக்கம் உண்டு. வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்து, அதிலிருந்து கிணறும் சத்திரமும் பள்ளிக்கூடமும் கட்டியவர்கள். 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்காக வீட்டுக்கு வீடு சமைக்கிறபோது ஒரு பிடி அரிசி ஒதுக்கிக் கொடுத்தார்கள். காமராசர் படித்தது அந்தப் பிடி அரிசிப் பள்ளிக்கூடத்தில்தான். விளைவு என்ன, பயனாளி எத்தனை பேர் என்று அந்த அரிசியை அளந்த பெண்களிடம் யாரும் அறிக்கை கேட்டதாகத் தெரியவில்லை.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. உறையில் 201 ரூபாய். கொடுத்தவர் பேசினார், கொடுத்தவரைப் புகழ்ந்தவர் பேசினார், புகழ்ந்தவரை அழைத்து வந்தவர் பேசினார். போட்டோகிராபர் ரோல் மாற்றிக்கொண்டிருந்ததால், வாங்கிய உறையைத் திருப்பிக் கொடுத்து மறுபடி வாங்கினேன். இருமுறை வாங்கியும் 201தான். அதில் அப்போது பள்ளிக்கூடக் கட்டணம் போக ஒரு டெரிகாட்டன் சட்டைத் துணியும் எடுக்க முடிந்தது.

இப்போது என் தங்கையின் பேத்தி பொறியியல் கல்லூரியில் படிக்கிறாள். உதவித்தொகை தேடுவதற்கு அவள் சலூனுக்குப் போக வேண்டியதில்லை. கைபேசியில் ஒரு வார்த்தை அடித்தால் போதும், அறக்கட்டளைகள் வரிசை கட்டி நிற்கின்றன. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் பெரிய நிறுவனங்களை மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொன்ன பிறகு, செத்தவர் பெயரில் நடந்த தர்மம் உயிரோடிருக்கிற கம்பெனிகள் பெயருக்கும் வந்தது. ரிலையன்ஸ் அறக்கட்டளை இளங்கலை மாணவர் 5,000 பேருக்கு, படிப்புக் காலம் முழுவதற்குமாக 2 லட்சம் ரூபாய் வரை தருகிறது. என் 201ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

பணம் கூடியிருக்கிறது, வழி நீண்டிருக்கிறது. அவளுடைய ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் வருகிறது, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னால் வருகிறது, வங்கிக் கணக்கில் இனிஷியல் விரிந்து அவள் அப்பாவின் முழுப்பெயராகவே நிற்கிறது. மூன்று பேரும் ஒரே பெண்தான் என்று கணினியை நம்பவைக்க இ-சேவை மையத்தில் வரிசையில் நின்றாள். "தாத்தா, ஓடிபி ஒங்க நம்பருக்கு வந்துருக்கும், சீக்கிரம் சொல்லுங்க" என்று கத்துவாள். நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அது காலாவதியாகிவிடும். கர்ணம் வீட்டில் இல்லையென்றால் வயலுக்குப் போய்ப் பார்க்கலாம். சர்வர் எந்த வயலுக்குப் போயிருக்கிறது என்று யாரைக் கேட்பது?

குடும்ப நிலையை விளக்கும் கடிதம் மட்டும் மாறவில்லை. இப்போது அதற்கு 300 சொற்கள் என்று வரம்பு. "நமக்குக் கஷ்டம்னு எதத் தாத்தா எழுதுறது?" என்று யோசித்தவள், செயற்கை நுண்ணறிவு எதிலோ நாலு வரி கொடுத்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிக் காட்டினாள். வாசித்துப் பார்த்தேன். அதே கோரப் பிடி, அதே கண்ணீர்க் கடல். பதினேழு வயதில் நான் எவ்வளவு நவீனமாக இருந்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பிறகு 'பரிசீலனையில்' என்ற ஒரே சொல் திரையில் மாதக்கணக்கில் நிற்கிறது. அவள் சலித்துக்கொள்கிறபோது நான் பச்சையப்ப முதலியார் கதையைச் சொல்வேன். அவர் 1794இல் காலமானார். சொத்தெல்லாம் வழக்கில் மாட்டி, அவர் பெயரில் சென்னையில் பள்ளி திறக்க 1842 ஆயிற்று. 48 வருஷம் பரிசீலனையில் இருந்த தர்மம் அது. அடுத்த வருஷமும் தொகை தொடர வேண்டுமானால் எல்லாப் பாடத்திலும் தேறியிருக்க வேண்டும் என்று போட்டிருப்பதைக் காட்டினால், ராமானுஜன் கதை இருக்கிறது: கும்பகோணம் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையை, கணக்கு தவிர மற்றதில் கோட்டைவிட்டு இழந்தவர். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்தது விதியைத் தளர்த்தித்தான். அவரிடம் பட்டம் இல்லை. விதியைத் தளர்த்த ஒரு மனிதர் வேண்டும். இணையப் படிவத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டத்தை யாராலும் தளர்த்த முடியாது.

ஊர்ப் பொதுக் காரியத்துக்குப் பணம் கேட்பதும் இதே கதைதான். எங்கள் வாசகசாலைக்கு ஓடு மாற்ற, அந்தக் காலத்தில் ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடைவீதியில் இறங்குவோம். பணம் தராதவர்கள் ஆலோசனை தருவார்கள், இரண்டும் தராதவர்கள் சுவர்க்கடிகாரம் தருவார்கள், முள்ளே தெரியாதபடி நடுவில் 'உபயம்' எழுதி. போன வருஷம் அதே கூரைக்கு ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கப் போனோம். சிஎஸ்ஆர்-1 பதிவெண் கேட்டார்கள். 2021 ஏப்ரலிலிருந்து அது இல்லாமல் அந்தப் பணத்தைத் தொட முடியாது. வருமான வரிப் பதிவுகளான 12ஏ, 80ஜி கேட்டார்கள். திட்டத்தால் சமூகத்தில் ஏற்படப்போகும் மாற்றத்தை அளவிடும் முறை என்ன என்று கேட்டார்கள். மழை பெய்தால் ஒழுகாது என்று எழுதினோம். போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஏக்கம் பிடித்த கிழவன் புலம்புகிறான் என்று நினைக்க வேண்டாம். அண்ணாச்சியின் காப்பியை நான் மறக்கவில்லை; அந்தப் படிவத்தின் கடைசி வரியையும் மறக்கவில்லை. 'எங்கள் சமூகத்தைச் சேர்ந்த மாணவர்களுக்கு மட்டும்' என்று இருந்தது. பிளேடுக்காரச் சிநேகிதன் அந்த ஒரு வரியால் வெளியே நின்றான், என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரன். தங்கை எட்டாவதோடு நின்றாள். எந்த நாலு வரிச் செய்தியிலும் 'மாணவியர்' என்று நான் வாசித்த ஞாபகம் இல்லை, இல்லை என்று அப்போது தோன்றவும் இல்லை. அவள் பேத்திக்கு இன்று மாதம் 1,000 ரூபாய், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், யார் மண்டியிலும் போய்த் தும்மாமல், அரசுப் பள்ளியில் படித்தவள் என்ற ஒரே காரணத்தால் வங்கிக்கு வந்துவிடுகிறது. அதற்காக நான் எத்தனை ஓடிபி வேண்டுமானாலும் வாசித்துச் சொல்வேன். அகரம் போன்ற அறக்கட்டளைகளில் தன்னார்வலர்கள் விண்ணப்பித்த பிள்ளையின் வீட்டுக்கே போய்ப் பார்த்து முடிவு செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, ஜமுக்காளம் இன்னும் முழுதாகச் சுருட்டப்படவில்லை என்றும் பட்டது.

இணையத்தில் அகப்படாத சின்ன அறக்கட்டளைகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. தாத்தா பெயரில், ஆச்சி பெயரில், ஒரு கடை வாடகையில் நடப்பவை. நடத்துகிறவர் யாராவது இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். பக்கத்து அரசுப் பள்ளியின் அறிவிப்புப் பலகைக்கு ஒரு தாள் எழுதி அனுப்புங்கள். அந்தக் கடைசி வரியை அடித்துவிடுங்கள். கீழே ஒரு தொலைபேசி எண் போடுங்கள், அடித்தால் எடுங்கள்.