காரை பெயர்ந்த கல்யாண மண்டபம்

லண்டன்,
சனிக்கிழமை இரவு

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

ஆபீஸில் கூட வேலை பார்க்கும் வெள்ளைக்காரப் பையனுக்கு இன்று கல்யாணம். போய்வந்த சூட்டோடு எழுதுகிறேன். மண்டபம் நடத்துகிற உங்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இடம், பெக்கம் பகுதியில் இருக்கும் அஸைலம் சாப்பல். மதுக்கடைக்காரர்கள் 1827-ல் ஒரு தர்ம ஸ்தாபனம் தொடங்கி, பப் நடத்தி ஓய்ந்துபோன முதலாளிகள் கடைசிக் காலத்தில் தங்க வரிசையாக வீடுகள் கட்டினார்கள். நடுவில் ஒரு சர்ச். ஆயுசு முழுக்க ஊருக்கு ஊற்றிக் கொடுத்தவர்கள் கடைசியிலாவது ஜெபம் பண்ண வேண்டாமா! இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து சர்ச்சின் கூரை போயிற்று. 1960-ல் உள்ளூர்க் கவுன்சில் இடத்தை வாங்கி வீடுகளில் குடிவைத்தது. சர்ச்சுக்கு மட்டும் ஒப்புக்கு ஒரு கூரை போட்டு மூடியதோடு சரி.

உள்ளே நுழைந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரை பெயர்ந்து செங்கல் பல்லிளிக்கிறது. மிச்சமிருக்கும் பூச்சு திட்டுத்திட்டாகக் கறுத்துக் கிடக்கிறது. சுவர் நெடுக சலவைக்கல் பலகைகள். பணம் கொடுத்த புண்ணியவான்களின் பெயர்கள், நம்மூர்க் கோயில் ட்யூப்லைட்டில் 'உபயம்' எழுதுவது போல. வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் மட்டும் எப்படியோ தப்பி ஜொலிக்கின்றன. போட்டோக்காரர் ஜன்னலை விட்டுவிட்டு, இருப்பதிலேயே மோசமான சுவராகத் தேடிப்பிடித்து மணப்பெண்ணை நிறுத்தினார். அவளும் சிரித்துக்கொண்டே நின்றாள்! உங்கள் மண்டபத்தில் ஒரு மூலை உதிர்ந்தால் பெண்வீட்டார் வாடகையில் கைவைப்பார்கள். இங்கே உதிர்ந்ததற்குத்தான் வாடகையே. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது.

சட்டம் இன்னும் வேடிக்கை. முன்பெல்லாம் இங்கே சர்ச் மாதிரி வழிபாட்டு இடத்தில் கட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ரிஜிஸ்தர் ஆபீஸுக்குப் போக வேண்டும். 1994-ல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் அனுமதி வாங்கிய மற்ற கட்டடங்களிலும் ரிஜிஸ்தர் கல்யாணம் நடக்கிறது. இன்று நடந்ததும் அந்த வகைதான். ஆனால் அது மதச் சடங்காக இருக்கக் கூடாது. பைபிள் வாசகம் கூடாது, பக்திப்பாட்டு கூடாது. சர்ச்சுக்குள்ளேயே நின்றுகொண்டு சாமி கும்பிட முடியவில்லை! சடங்குக்கு முந்தைய ஒரு மணி நேரம் அந்த அறையில் மதுவும் கூடாது. மதுக்கடைக்காரர்கள் கட்டிய இடத்தில் இப்படி ஒரு விதி.

கதவைப் பூட்டக் கூடாது, யார் வேண்டுமானாலும் வரலாம் என்றும் விதி இருக்கிறது. எதற்கென்றால், "இந்தத் திருமணத்துக்குச் சட்டப்படி தடை தெரிந்தவர் யாராவது உண்டா?" என்று ரிஜிஸ்திரார் அம்மாள் சபையைப் பார்த்துக் கேட்கிறார். கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துகிறார். ஒரு இருமல்கூட இல்லை. நம்மூரில் கேட்டிருந்தால் நம்ம சின்னத் தாத்தா ஒருவரே பந்தி ஆறும்வரை பேசியிருப்பார்.

கையெழுத்தெல்லாம் சேர்த்து அரைமணிக்குள் முடிந்தது. மேளம் இல்லை, புகை இல்லை, சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

போட்டோக்கள் வாட்ஸ்அப்பில் வரும். பெரியம்மாவுக்கு ஜன்னல் படங்களை மட்டும் காட்டுங்கள். சுவரைப் பார்த்தால், பையன் வீட்டில் வெள்ளையடிக்கக்கூட வக்கில்லையா என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்
குமார்