மூச்சுக்கும் டார்கெட் வைத்த மனிதவளத் துறைக்கு

மேன்மை தங்கிய மனிதவளத் துறையினருக்கு,

ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியிலிருந்து நரம்பு தளர்ந்த ஊழியன் எழுதிக்கொண்டது. நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள்.

தாங்கள் அளித்த மஞ்சள் பந்து கிடைத்தது. பதற்றம் வந்தால் அமுக்கச் சொன்னீர்கள், அமுக்கினேன். ரிலீஸுக்கு முந்தைய இரண்டே நாளில் அதில் அச்சடித்திருந்த சிரிப்பு என் கட்டைவிரலோடு தேய்ந்து போய்விட்டது. இப்போது கண் இரண்டும் மட்டும் மிச்சம். இரவு பத்தரை மணி கிளையண்ட் மீட்டிங்கில் நானும் அதுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பிறகு அந்த மூச்சுப் பயிற்சிச் செயலி. 'இன்று நீங்கள் இன்னும் மூச்சு விடவில்லை' என்று 11.40க்கு டிங்கென்று அடித்தது. எட்டிப் பார்த்த மனைவி பதறி என் மூக்கில் கை வைத்துப் பார்த்தாள். பின்தங்கியோர் பட்டியல் திங்கட்கிழமை மேனேஜருக்குப் போகிறதாம். அதைக் கேட்டதிலிருந்து மேல்மூச்சு வாங்குகிறது.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு 'வேலையும் வாழ்வும்' வகுப்பு. வருகை கட்டாயம், கேமரா ஆனில் இருக்க வேண்டும். பேச வந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். லீவு நாளில் ஆபீஸ் லேப்டாப்பைத் திறக்கவே கூடாது என்றார். நாங்கள் நூற்றிருபது பேரும் லேப்டாப்புக்குள் தலையாட்டினோம்.

தீபாவளிப் பெட்டியில் முந்திரிக்குப் பதில் அமுக்கரா மாத்திரை வந்தது. என் பாட்டியும் அமுக்கராக் கிழங்கைப் பாலில் அவித்து, காயவைத்து, இடித்துச் சலித்து இரவில் கொடுப்பாள். 'குடிச்சிட்டுப் போய்ப் படுடா' என்பாள். அந்தப் 'படுடா'தான் பாதி மருந்து. உங்கள் டப்பாவில் அது இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் 'பர்ன்அவுட்'டை நோய் என்று சொல்லவில்லை. தீராத பணியிட அழுத்தத்தைச் சரியாகக் கையாளாததால் வரும் தொழில்சார் நிலை என்றது. 2021இல் அந்த நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் (ஐ.எல்.ஓ.) சேர்ந்து போட்ட கணக்கில், வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவருக்குப் பக்கவாத அபாயம், 35 முதல் 40 மணி உழைப்பவரைவிட 35 சதவீதம் அதிகம். நம் டைம்ஷீட்டிலோ 45ஐத் தாண்டி எது போட்டாலும் சிவப்புக் கட்டம் வந்து ஏற்க மறுக்கிறது. அந்த வகையில் என்னைப் பக்கவாதத்திலிருந்து காப்பாற்றிவிட்டீர்கள். நன்றி.

என் தாத்தா கோவையில் மில் தொழிலாளி. சங்கு ஊதினால் சைக்கிளை எடுத்துவிடுவார், எந்த மேஸ்திரியும் பின்னாலேயே வீட்டுக்கு வந்ததில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் உழைத்தால் இரட்டைச் சம்பளம் என்றது. 'நாம் தொழிற்சாலை இல்லை, குடும்பம்' என்று நான் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டீர்கள். குடும்பத்தில் யாராவது ஓவர்டைம் கேட்பார்களா?

ஒரே விண்ணப்பம். பந்து, செயலி, மாத்திரை மூன்றையும் திருப்பித் தந்துவிடுகிறேன். பத்தரை மணி மீட்டிங்கை மாலை ஆறுக்கு நகர்த்துங்கள். முடியாதென்றால் வருகிற சனிக்கிழமையாவது விட்டுவிடுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, மிளகு ரசம் சாப்பிட்டுவிட்டு, எதையும் திறக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும். நல்லெண்ணெய், சீயக்காய்ச் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
பெயர் மறந்து பணியாளர் எண் மட்டும் நினைவிருக்கும் ஒருவன்